மூன்றாவது தடவை கூப்பிடாதவன்

தக் மன்சோக்கை அடிக்காத நடிகர் சியோலில் இல்லை. எந்தத் தொலைக்காட்சித் தொடரை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். நாயகன் ஒருவனை மேசை மேல் தூக்கி எறிவான், மேசை உடையும், எறியப்பட்டவனின் முதுகு தெரியும். அந்த முதுகு மன்சோக்கினுடையது. முகத்தைக் காட்ட விடமாட்டார்கள். முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் வேறொரு தொடரில் வேறொரு நாயகனிடம் அதே ஆள் எப்படி உதை வாங்குவான்?

சண்டைக் குழுவில் அவனுக்கு வைத்த பேர் மெத்தை. மாடியிலிருந்து இரண்டு பேர் கட்டிப் புரண்டு விழ வேண்டுமென்றால், மேலே நாயகனுக்கு டூப் போடுகிறவன் இருப்பான், அடியில் மன்சோக் இருப்பான். விழுகிற வழியிலேயே உடம்பைத் திருப்பி, மேலிருப்பவனின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்து இறங்குவான். மேலே இருந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு போய் காபி குடிப்பான். மன்சோக் கொஞ்ச நேரம் படுத்தபடியே எதெது உடைந்திருக்கிறது என்று விரலை ஆட்டிப் பார்ப்பான். இடது தோளில் இரும்புத் தகடு, வலது முழங்காலில் திருகாணி, முன்பல் இரண்டும் கட்டின பல்.

இந்த வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அப்பன்காரன்தான். லாரி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வந்தால் முதலில் சோற்று மேசையை உதைப்பான், அப்புறம் பெண்டாட்டியை, அப்புறம் பிள்ளையை. அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே தானாக விழுந்துவிட்டால் வலி பாதிதான் என்று பிள்ளை கண்டுபிடித்துக்கொண்டான். பிறகு பட்டாளத்தில் மூத்தவர்கள் மண்வெட்டிப் பிடியால் சாத்தினார்கள். இவன் விழுகிற அழகைப் பார்த்து ஒரு சார்ஜன்ட் கைதட்டினானாம். எப்படியும் உதைதான் தலையெழுத்து, அதைச் சம்பளத்தோடு வாங்குவோமே என்று வெளியே வந்ததும் நேராகச் சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டான்.

அப்படி இருபது வருஷம் வாயைத் திறக்காமல் உதை வாங்கியவனுக்கு ஒருநாள் வசனம் கிடைத்தது.

அது ஒரு எமதூதர் தொடர். தானே உயிரை முடித்துக்கொள்ளத் துணிந்தவர்களைத் தேடிப் போய்த் தடுக்கிற நல்ல எமதூதர்களின் கதை. கோட்டு சூட்டுப் போட்ட அழகான தூதர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பாவப்பட்ட ஜீவன், ஒரு மழை, நாயகியின் கண்ணீர், இரக்கத்தைப் பற்றி ஒரு நீளமான பேச்சு. நாட்டில் பாதிப் பேர் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. மன்சோக் அதில் கெட்ட எமதூதன். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, முகமெல்லாம் வெள்ளைப் பவுடர், எந்தத் தாயாலும் அடையாளம் காண முடியாது. நாயகி இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இவன் ரத்தம் கக்கியாக வேண்டும். படப்பிடிப்பின் முதல் நாள் பன்றித் தலையைப் படையல் வைத்து, யாருக்கும் அடிபடக் கூடாதென்று எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். மன்சோக்கும் கும்பிட்டான், அந்த வேண்டுதலில் தன்னைச் சேர்க்கவில்லை என்று தெரிந்தே.

வசனம் இதுதான். ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவனைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். எமதூதன் அப்படித்தான் கூப்பிடுவான், எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். முதல் கூப்பாட்டுக்கு உடம்பு சில்லிடும், இரண்டாவதற்கு உயிர் எழுந்து உட்காரும், மூன்றாவதற்கு அவன் பின்னால் நடந்து போய்விடும். மன்சோக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தான். பேருக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுநாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். மாடியேறி வந்து அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

படப்பிடிப்பு பூசானில், கடலைப் பார்த்த மலைச்சரிவில். செங்குத்தான படிக்கட்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள், இடிக்கப் போகிறார்களென்று பெரும்பாலும் காலி செய்துவிட்ட தெரு. நீல இரும்புக் கதவு போட்ட ஒரு வீடு இயக்குநர் கொங்குக்குப் பிடித்துவிட்டது. ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடந்ததால் அதுவும் காலி என்றே நினைத்தார்கள். தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்தாளர் பேரை எழுதாமல் இடம் விட்டிருந்தார்.

"என்ன பேரு சார் கூப்பிடட்டும்?" என்று மன்சோக் கேட்டான்.

"கதவுல பலகை தொங்குதுல்ல, அதப் படி. அப்புறமா மாத்திக்கலாம்" என்றார் கொங்.

பலகையில் யுக் செசன் என்றிருந்தது.

கேமரா ஓடியது. மன்சோக் கைகளை அங்கிக்குள் மடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். "யுக் செசன்." தெருவே அடங்கிப்போனது. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவனே நினைத்ததில்லை. கொங் விரலால் இன்னும் என்று சைகை காட்டினார். "யுக் செசன்."

மூன்றாவதற்கு மூச்சை இழுத்தபோது, துணி துவைக்கிற கட்டை அவன் மண்டையில் இறங்கியது.

சினிமா அடி நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். இது நிற்கவில்லை. தொப்பி நசுங்கியது. அடுத்த அடியில் புருவம் கிழிந்து, வெள்ளைப் பவுடரில் நிஜ ரத்தம் ஓடியது. பழக்கதோஷம், மன்சோக் வெகு அழகாக விழுந்தான். கட்டையோடு கொல்லைப்புறமாக வந்த கிழவி, விழுந்தவனை விடவில்லை. முதுகு, விலா, முட்டி என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். மீன் சந்தையில் உயிரோடு விலாங்கைப் பிடித்து ஆணியில் குத்தித் தோலுரிக்கிறவள் அவள், பேர் பாங் சுல்லே. அந்தக் கைக்கு வலு கேட்கவா வேண்டும்?

"எந்திரிடா. என் புள்ள பேரச் சொல்ல ஒனக்கு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

"அம்மா, நாடகம்மா. டிவி நாடகம்."

"அது தெரியாமத்தான் அடிக்கிறேனா? நாடகமோ நெசமோ, நீ போட்டிருக்கிறது அந்தத் துணி. நிக்கிறது என் வாசல். சொன்னது என் மகன் பேரு. அவன் உள்ள இருக்கான்டா. நாலு வருசமா எவனாவது வந்து கூப்பிட மாட்டானான்னு கெடக்குறான். நீ வந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டியே."

சொல்லிவிட்டு இன்னொன்று வைத்தாள். அந்த அடி மன்சோக்குக்கு உறைக்கவே இல்லை. சொன்னதுதான் உறைத்தது.

மகன் கதை தெருவுக்கே தெரிந்த கதை. கப்பல் கட்டும் தளத்தில் வேலை. பாரந்தூக்கிக்குக் கைச்சைகை காட்டுவது அவன் பொறுப்பு. ஒருநாள் இறக்கலாம் என்று காட்டினான், இரும்புப் பாளம் இறங்கியது, அடியில் அவனுடைய சேக்காளி நின்றிருந்தான். அவனை அள்ளித்தான் எடுத்தார்கள். பனியில் எதுவும் தெரிந்திருக்காது, உன் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். செத்தவனின் அண்ணன் மட்டும் சாவு வீட்டிலேயே செசனின் தாடையை உடைத்தான். அந்த ஒரு அடிதான் தனக்குப் புரிந்தது என்று செசன் அம்மாவிடம் சொன்னானாம். அன்றைக்கு அறைக்குள் போனவன்தான். இரண்டு முறை கதவை உடைத்து அவனை மீட்டிருக்கிறாள். அதிலிருந்து சந்தைக்குப் போனாலும் பாதி நேரத்தில் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ஆட்கள் வந்து கட்டையைப் பிடுங்கினார்கள். கிழவி மூச்சு வாங்க நின்றாள். சட்டென்று உள்ளே ஓடி, ஒரு தட்டோடு வந்தாள். மூன்று கிண்ணம் ஆறின சோறு, ஒரு சின்னக் கிண்ணத்தில் சோயாக் குழம்பு, வேறொன்றும் இல்லை. கூடவே மூன்று ஜோடிச் செருப்பு. ஒன்று அவளுடைய பிளாஸ்டிக் செருப்பு, ஒன்று மீன் சந்தை ரப்பர் பூட்ஸ், மூன்றாவது மகனின் பழைய தொழிற்சாலை பூட்ஸ். சாவு விழுந்தால் எமதூதர் மூன்று பேருக்கும் வாசலில் வைக்கிற சோறும் செருப்பும் இவை. வெறும் உப்புக் குழம்பில் தின்றால் வழியில் தாகம் எடுக்கும், தண்ணீருக்காகப் பாதியில் திரும்பிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

"மூணு பேரா வருவீங்களே, மத்த ரெண்டு பேரு எங்க?"

"வேன்ல இருக்காங்கம்மா" என்றான் மன்சோக், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"இருக்கட்டும். நீ தின்னு."

விழுகிற நாளில் அவன் காலையில் சாப்பிடுவதில்லை. பசியா, பயமா, எதுவென்று தெரியாது, வாசற்படியில் உட்கார்ந்து மூன்று கிண்ணத்தையும் வழித்துத் தின்றான். தொண்டையில் உப்பு அறுத்தது. அவள் எதிரே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சோத்தத் தின்னுட்ட. இனி அந்தப் பேரு ஒன் வாயில வரக் கூடாது."

"வராதும்மா."

கொங்குக்குப் பொறுமை போய்விட்டது. "மெத்தை, போதும்யா விருந்து. மூணாவது கூப்பிடு, வெளிச்சம் போகுது."

"தொண்டை சரியில்ல சார்."

"இருபது வருசமா வாயத் தொறக்காதவனுக்குத் தொண்டை எப்படிய்யா கெடும்?"

குழு முழுக்கச் சிரித்தது. மன்சோக் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவன் காதில் பட்டது, இரக்கத்தைப் பற்றி அருமையாகப் படமெடுக்கிற அதே இயக்குநர் எறிந்ததுதான். "கூப்பிடுறியா, இல்ல அங்கியக் கழட்டிட்டு ஊருக்குப் போறியா? வசனம் பேச நூறு பேரு நிக்கிறான்."

ஆசை இல்லாமலா இருக்கும்? தன் குரலை ஒரே ஒரு தடவை ஊர் கேட்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி கனவு கண்டிருப்பான். அப்படியும் தொப்பியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அப்போது நீலக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

தோள் வரை முடி, கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு வாலிபன். வெயிலைப் பார்த்து ரொம்ப நாளானவன் என்று பார்த்தாலே தெரிந்தது. மன்சோக்கின் வெள்ளை முகத்தையும் ரத்தத்தையும் பார்த்து, பேருந்து வந்துவிட்டதைப் பார்த்தவன்போல நிம்மதியாகத் தலையசைத்தான்.

"ரெண்டு தடவ கேட்டுச்சு. மூணாவது ஏன் கூப்பிடல?"

கிழவியின் வாய் திறந்தபடி நின்றது. அவன் மன்சோக்கைத் தாண்டித் தெருக்கோடிக்கு நடந்தான். அங்கே இடுப்புயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. காட்சி இன்னும் ஓடுகிறதென்று நினைத்து ஒளிப்பதிவாளர் கேமராவை அவன் பின்னாலேயே திருப்பினார். நிற்கிறவர்களில் ஒருவரும் அசையவில்லை. இரக்கத்துக்கு வசனம் மனப்பாடம் செய்த நாயகியும் அசையவில்லை.

மன்சோக் ஓடினான். சுவரில் ஒரு காலை வைத்துவிட்டவனின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். செசன் திரும்பி முழங்கையால் அவன் மூக்கை உடைத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சுவரிலிருந்து விலகிப் படிக்கட்டுப் பக்கம் சரிந்தார்கள். படித்தலைப்பில் நின்றபடி செசன் அடித்தான். கை, தலை, பல், கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தான். கிழிந்த புருவத்தில் விரலைவிட்டுக் கிழித்தான். மன்சோக் ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, திருப்பிக் கொடுத்தால் பிடி நழுவும். அப்பன் முதல் நாயகர்கள் வரை எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறான். தன்னையே கொல்ல முடியாத கோபத்தில் அடிக்கிறவனின் அடி எல்லாவற்றையும்விடக் கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கால் வழுக்கியது. மன்சோக்குக்கு யோசிக்க ஒன்றுமில்லை, உடம்பே திரும்பியது. செசனின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்தான். முதல் படியில் தகடு வைத்த தோள். அடுத்ததில் விலா, உள்ளே ஏதோ சுள்ளி முறிகிற சத்தம். அப்புறம் முதுகு, பின்மண்டை, மறுபடி தோள். கல்லில் கறுப்பு அங்கி கிழிந்துகொண்டே போனது. பயிற்சிக் கூடத்துப் படிக்கட்டில் கடைசியில் பஞ்சுப் பாய் விரித்திருப்பார்கள். இங்கே ஒரு மீன் கூடையும் சிமெண்டுத் தரையும்தான்.

உருண்டு தரைக்கு வந்து சேர்ந்தபோது மன்சோக் அடியில் கிடந்தான், செசன் மேலே, ஒரு கீறலில்லாமல். அந்த நிலையிலும் மன்சோக் கால்களால் அவன் இடுப்பைப் பூட்டு போட்டுப் பிடித்திருந்தான். செசன் அழுதுகொண்டே அவன் முகத்தில் குத்தினான். "கூப்பிடு. மூணாவது கூப்பிடு. அதுக்குத்தான வந்த."

"தொண்டை சரியில்ல" என்றான் மன்சோக். வாயில் கட்டின பல் இரண்டும் இல்லை. "நாளைக்குக் கூப்பிடுறேன்."

செசனின் கை நின்றது.

"நாளைக்கா?"

"ஆமா. இன்னைக்கு முடியாது. பாரு, எனக்குப் பேசவே வரல."

சுல்லே படியிறங்கி வந்து சேர்ந்தாள். கட்டையைக் கொண்டு இரண்டு பேரையும் பாகுபாடில்லாமல் சாத்தினாள். அப்புறம் அதைப் போட்டுவிட்டு, மகன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

தொடர் வெளியானது. படிக்கட்டில் விழுந்த காட்சியை கொங் வெட்டவில்லை, அதைத்தான் ஊரே புகழ்ந்தது. குரலுக்கு வேறொருவனை வைத்துக்கொண்டார்கள். பவுடரும் ரத்தமும் பூசின முகத்தை யாரும் அடையாளம் காணவில்லை. மன்சோக் தோளில் இன்னொரு தகடோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவன் செசன்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம். செசன் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல நாளில் பேசுவதற்கு ஒன்றுமிருக்காது. கெட்ட நாள் வரும், பனி இறங்குகிற நாள், சேக்காளி செத்த நாள். அப்போது போன் வரும். "அண்ணே, இன்னைக்குக் கூப்பிட்டுடுங்க." மன்சோக் எங்கே தொங்கிக்கொண்டிருந்தாலும் சொல்லுவான், "தொண்டை கட்டியிருக்குடா, நாளைக்குப் பாக்கலாம்." சில சமயம் விடியும்வரை இருமிக் காட்டியிருக்கிறான். அவன் பேரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஏ இவனே, டேய் பட்டறை, விலாங்கு மகனே, இப்படித்தான். செசனின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பேர் சொல்லி மேடைக்கு அழைக்கச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தா நிக்கிறான் பாருங்க, அவன்தான்" என்றான். சபை சிரித்தது, சுல்லே சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அதுவும் ஒரு கெட்ட நாள், அதுவும் கடந்தது.

போன குளிர்காலத்தில் சுல்லே போய்ச் சேர்ந்தாள். மன்சோக் மூன்று நாளும் கூடவே இருந்து, சாம்பல் வாங்கிவிட்டு, வேலைக்காக சியோலுக்குத் திரும்பினான். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அடியாள் வேஷம், முகம் முழுக்கச் சாயரத்தம், அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அண்ணே." குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அந்த நிதானம் மன்சோக்குக்குப் பிடிக்கவில்லை. "அம்மா இல்ல. இனி யாருக்காக நாளைக்கு? நாளைக்கு நாளைக்குன்னு சொல்லாதீங்க. இன்னைக்குக் கூப்பிட்டுடுங்க."

"தொண்டை…"

"பொய் சொல்லாதீங்க அண்ணே. ஒங்க தொண்டைக்கு ஒண்ணுமில்ல. எனக்கு எப்பவோ தெரியும்."

மன்சோக்கிடம் வேறு வசனம் இல்லை. இருந்ததே அது ஒன்றுதான். "கூப்பிடுறேன். ஆனா போன்ல செல்லாது. வாசல்ல நின்னுதான் கூப்பிடணும். நான் வர்ற வரைக்கும் நீ போக முடியாது" என்றான். கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்கினான். தடுத்த சண்டை மாஸ்டரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், வாழ்க்கையில் அவன் முதலில் கை வைத்த ஆள் அந்த மனிதர்தான். சாயரத்தத்தோடு ரயிலேறினான். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை, மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திருகாணி போட்ட முழங்காலோடு அத்தனை படியும் ஏறி, இன்னும் இடிபடாமல் நின்ற வீட்டின் நீலக் கதவைத் தட்டவில்லை, உதைத்தான். கதவு கீலோடு சாய்ந்தது. செசன் அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சுவரில் துணி துவைக்கிற கட்டை தொங்கியது. மன்சோக் அதை எடுத்தான். செசன் தலையைக் குனிந்துகொண்டான், தடுக்கக் கையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் மன்சோக்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நிலைப்படியை அடித்தான். சுவரை அடித்தான், காரை பெயர்ந்தது. கட்டை இரண்டாக முறிகிற வரைக்கும் அடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அத்தனை வருஷ உதையில் ஒருதரம்கூட அழாதவன்.

"வாசலுக்குப் போயி நில்லுங்க அண்ணே" என்றான் செசன் மெல்ல. "கூப்பிடுறேன்னு சொன்னீங்க."

மன்சோக் முகத்தைத் துடைத்தான், சாயம் கன்னமெல்லாம் பரவியது. படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு இருந்தது.

"யாருக்கு அது?"

"அம்மாவுக்கு. காலையில வச்சேன்."

"கொண்டா."

"ஆறிப்போச்சு."

"கொண்டாடா."

சோயாக் குழம்பை அவனே எடுத்து ஊற்றிக்கொண்டான். உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றான். செசன் எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அம்மா அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே.

"ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டேன். இனி அந்தப் பேரு என் வாயில வராது. ஒங்கம்மாகிட்டப் பேசின பேச்சு."

செசன் காலிக் கிண்ணத்தைப் பார்த்தான். உதடு கோணியது. "அது இன்னைக்குக் கணக்கு" என்றான் கடைசியில். "நாளைக்கு?"

மன்சோக் காலிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தான்.

"நாளைக்கும் வை."